முன்பின் தெரியாத நம்மவர்: கிறிஸ்துவ விருந்தோம்பலும் சுங்கை பூலோவும்



'விருந்தோம்பல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "இதைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுங்க" என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். வாழை இலை, வடை பாயசம், தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மாமா அத்தை எல்லாம் வரிசையாக வந்துவிடும். தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லின் பழைய பொருள் வேறு. 'விருந்து' என்றால் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலிலும் அந்தச் சொல் புதிதாகச் செய்யப்படும் செய்யுளைக் குறித்தே வருகிறது. வீட்டுக்குப் புதிதாக வருபவர்தான் முதலில் 'விருந்து'. அவருக்குப் போடும் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. திருக்குறளின் 9ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகரும் விருந்தினரை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: முன்பே பழக்கமாகி வருபவர் ஒருவர், பழக்கமே இல்லாமல் வருபவர் இன்னொருவர்.

கிறிஸ்துவ மறைநூலின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் விருந்தோம்பலுக்கு வரும் சொல் 'பிலோக்செனியா'. 'பிலோ' என்றால் அன்பு. 'க்செனோஸ்' என்றால் அந்நியர். அந்நியர் மேல் காட்டும் அன்பு என்று பொருள். பார்த்தீர்களா? தமிழும் கிரேக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது ஒரு குறிப்பிட்ட வகை விருந்தாளியை. அவர் நம் உறவினர் அல்ல. முற்றிலும் வேற்றாளும் அல்ல. நம் நம்பிக்கையைச் சேர்ந்தவர், ஆனால் முன்பின் பார்த்திராதவர். உறவுக்காரர் வந்தால் கேள்வியே இல்லாமல் உள்ளே விடுவோம். வழிப்போக்கர் வந்தால் வாசலில் வைத்து ஏதாவது கொடுத்து அனுப்புவோம். இவரை என்ன செய்வது? 'நம்மவர்' என்பதால் உள்ளே விட வேண்டும். 'தெரியாதவர்' என்பதால் மனம் தயங்கும். இந்தத் தயக்கத்துக்குக் கிறிஸ்துவ வரலாறு சொன்ன பதில்களை முதலில் பார்ப்போம். பிறகு நம் சிலாங்கூரின் சுங்கை பூலோவுக்கு வருவோம். அந்தப் பதில்கள் எல்லாம் சோதிக்கப்பட்ட இடம் அது.

காயுவின் வீடு

முதல் நூற்றாண்டில் கிறிஸ்துவர்களுக்கு ஆலயக் கட்டடம் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஊர் ஊராகப் போய்ப் போதிப்பவர்கள் இரவில் எங்கே தங்குவது? ரோமப் பேரரசில் சத்திரங்கள் இருந்தன. ஆனால் அவற்றுக்குக் குடி, திருட்டு, விபச்சாரம் என்று கெட்ட பெயர். ஆகவே வீடுகள்தான் அவர்களுக்குப் புகலிடம்.

புதிய ஏற்பாட்டில் யோவானின் மூன்றாம் கடிதம் மிகச் சிறியது. ஒரே அதிகாரம்தான். அதில் இரண்டு மனிதர்களைச் சந்திக்கிறோம். காயு என்பவர், தமக்கு அறிமுகமே இல்லாத சகோதரர்களை வீட்டில் ஏற்று, அடுத்த பயணத்துக்கும் வழியனுப்பி வைத்தவர், அதற்காகப் பாராட்டப்படுகிறார். தியோத்திரேப்பு என்பவர் வந்தவர்களை ஏற்கவில்லை. ஏற்க நினைத்த மற்றவர்களையும் தடுத்தார், சபையை விட்டே தள்ளினார். ஒரே சபை வட்டாரம், ஒரே நம்பிக்கை. ஒருவர் கதவைத் திறக்கிறார், இன்னொருவர் சாத்துகிறார். ஆக, விருந்தோம்பல் அன்றைக்கும் தானாக நடந்துவிடவில்லை. அதைச் சுற்றி அதிகாரப் போட்டியும் இருந்தது.

இதே காலத்தில் அறிமுகக் கடிதம் என்ற வழக்கமும் வந்தது. பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்மணியை அறிமுகம் செய்து, அவரை ஏற்று உதவும்படி கேட்கிறார். இன்றும் பல சபைகளில் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிப் போகிறார் இல்லையா? அதன் வேர் இவ்வளவு பழையது.

மூன்று நாள் விதி

கதவைத் திறந்தால் ஏமாற்றுபவனும் உள்ளே வரத்தானே செய்வான்? ஆதிச் சபைக்கும் இந்தக் கவலை இருந்தது. அதற்கு ஒரு சட்டமே எழுதினார்கள். 'டிடாக்கே' என்ற சிறு கிரேக்க நூல் அது; பன்னிரு திருத்தூதரின் போதனை என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்ததாக அறிஞர் பலர் கருதுகின்றனர்.

அதன் விதிகள் நம் பாட்டிமார் பேசுவதைப் போல நடைமுறையானவை. ஆண்டவர் பெயரால் வருகிற எவரையும் முதலில் ஏற்றுக்கொள். பிறகு சோதித்துப் பார். வழிப்பயணி என்றால் முடிந்ததைச் செய். ஆனால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள், அதற்கு மேல் வேண்டாம். இங்கேயே தங்கப் போகிறார் என்றால் தொழில் செய்து சாப்பிடட்டும். தொழில் தெரியாதவர் என்றால், சும்மா இருக்காமல் வாழ ஒரு வழியைச் சபையே யோசித்துக் கொடுக்கட்டும். அதற்கும் உடன்படாதவர் கிறிஸ்துவின் பெயரை வைத்து வியாபாரம் செய்பவர், எச்சரிக்கையாக இரு.

இதில் வரிசையைக் கவனியுங்கள். ஏற்பது முதலில், சோதிப்பது பிறகு. சந்தேகத்துக்கு இடம் உண்டு, ஆனால் அது வாசலில் நின்று வழிமறிக்கக் கூடாது. தேர்வுக் கட்டுரையில் 'எச்சரிக்கையும் இரக்கமும்' பற்றி எழுத வேண்டி வந்தால் இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

வீட்டிலிருந்து விடுதிக்கு

நான்காம் நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. கிறிஸ்துவம் அரசின் ஆதரவைப் பெற்றது. வருகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது. ஒரு வீட்டுத் திண்ணை போதவில்லை. அந்நியருக்கென்றே விடுதிகள் கட்டப்பட்டன. பழைய ரோமச் சமயத்தை மீட்க முயன்ற பேரரசர் ஜூலியன், 362ஆம் ஆண்டு வாக்கில் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவர்கள் வளர்வதற்கு அவர்கள் அந்நியருக்குக் காட்டும் அன்பும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டு, நம் பக்கமும் ஊருக்கு ஊர் விடுதிகள் கட்டுங்கள் என்கிறார். எதிர்த்தரப்பே கொடுத்த சான்று என்பதால் வரலாற்று மாணவருக்கு இது மதிப்புள்ளது.

அடுத்த சில ஆண்டுகளில், இன்றைய துருக்கியில் உள்ள செசரியா நகரத்துக்கு வெளியே ஆயர் பேசில் ஒரு பெரிய வளாகத்தைக் கட்டினார். பயணிகள், ஏழைகள், நோயாளிகள், இவர்களோடு தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. பேசில் அவர்களை முத்தமிட்டு வரவேற்றார் என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரி தம் இரங்கல் உரையில் குறிப்பிடுகிறார்.

பின்னாளில் மேற்கில் மருத்துவமனைக்கு வழங்கும் 'ஹாஸ்பிடல்' என்ற சொல்லும் விருந்தினரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். விருந்தோம்பல் இப்படி நிறுவனமாக மாறியது. இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. நிறுவனம் ஆயிரம் பேருக்குப் படுக்கை கொடுக்கும். ஆனால் "நீ எங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்ல நிறுவனத்தால் முடியாது. அதை மனிதர்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இனி நம் நாட்டுக்கு வாருங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: ஒரே தமிழ், வேறு வேறு ஊர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோலாலம்பூரில் இரயில்வே வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளத்திலும், கிள்ளான் வட்டாரம் போன்ற இடங்களின் தோட்டங்களிலும் உழைத்தனர். இரு சாராரிலும் கிறிஸ்துவர்கள் இருந்தார்கள். மொழி தமிழ்தான், ஆனால் பேச்சு வேறு, சாப்பாடு வேறு, சம்பளம் வேறு, சாதியும் வேறு. ஒருவருக்கொருவர் அந்நியர்.

பிரிக்பீல்ட்ஸில் 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் தாய்வழி தமிழ்நாட்டின் தரங்கம்பாடிக்குப் போகிறது. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய அதே கடற்கரை. கடல் தாண்டி வந்த ஒருவருக்கு, ஞாயிற்றுக்கிழமை தமிழில் வழிபாடு நடக்கும் ஓர் இடம் என்பது வெறும் வழிபாட்டிடம் அல்ல. வேலை எங்கே கிடைக்கும், அறை எங்கே கிடைக்கும், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துத் தருவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். காயுவின் வீடு செய்த வேலையைப் புலம்பெயர்ந்த மண்ணில் சபை செய்தது.

அதே பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஜாலான் டிராவர்ஸ் என்று ஒரு சாலை உண்டு. தினமும் அதில் போகிறோம். யார் அந்த டிராவர்ஸ்? சிலாங்கூரில் 1891 முதல் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் சுங்கை பூலோ வந்துவிடும்.

சுங்கை பூலோ: சட்டம் கொண்டுவந்து சேர்த்த விருந்தாளிகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தொழுநோய் வந்தவர்களை அடைத்துத்தான் வைத்தார்கள். கோலாலம்பூர் செத்தாப்பாக் விடுதியின் நிலைமை சிறையைப் போல இருந்தது. டாக்டர் டிராவர்ஸ் இதை மாற்ற வேண்டும் என்று வாதாடினார். நோயாளிக்கும் தோட்டம், வீடு, வேலை, விளையாட்டு எல்லாம் வேண்டும் என்பது அவர் கருத்து. அதன் பலனாக 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 560 ஏக்கர் நிலம். தோட்ட நகரம் என்ற திட்டப்படி சிறு சிறு வீடுகள், பள்ளி, சந்தை, அரங்கம். அங்கு மட்டும் செல்லும் பணத்தாள்கூட 1936இல் அச்சிடப்பட்டது. உச்சத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்பது அதன் இன்னொரு பெயர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது அரசு கட்டிய குடியிருப்பு, திருச்சபை கட்டியது அல்ல. அதுவும் வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். நோய் இருப்பதாகத் தெரிந்தால் சட்டப்படி பிரித்துக் கொண்டுவரப்பட்டார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். குடியிருப்பில் பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து எடுக்கப்பட்டு உறவினரிடமோ தத்தாகவோ கொடுக்கப்பட்டனர். பல குடும்பங்கள் நோயுற்றவரின் பெயரையே வாயில் எடுக்கவில்லை. வீடு அழகானதுதான், ஆனால் வெளியே போகக் கதவு இல்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இங்கே விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்?

சீனர் அதிகம், மலாய்க்காரரும் இந்தியரும் பிறரும் உண்டு. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அந்த வளாகத்துக்குள் பள்ளிவாசல், இந்துக் கோயில், சீனக் கோயில், கத்தோலிக்க ஆலயம், புரோட்டஸ்டண்ட் ஆலயம் எல்லாம் எழுந்தன. தோட்டத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தமிழ்க் கிறிஸ்துவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஆலயத்தில் யார் பக்கத்தில் உட்காருவார்? சொந்த ஊர்க்காரர் இருக்க மாட்டார். சாதிக்காரர் இருக்க மாட்டார். வேறு மாநிலத்திலிருந்து, வேறு மொழி பேசும் ஒருவர் இருப்பார். இருவருக்கும் பொதுவாக இருப்பது நம்பிக்கையும் நோயும் மட்டுமே. டிடாக்கேயின் மூன்று நாள் கணக்கு இங்கே செல்லாது. வந்தவர் சாகும்வரை இருக்கப் போகிறார். அரசு படுக்கையும் மருந்தும் கொடுத்தது. பார்க்க யாருமே வராத ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் இறந்தால் அடக்கம் செய்ய நிற்பதும் நிறுவனத்தின் வேலைப் பட்டியலில் வராது. அதைச் செய்ய அங்கே இருந்தவர்கள் முன்னால் வந்து சேர்ந்தவர்கள்தான். நேற்றைய விருந்தாளி இன்றைய வீட்டுக்காரர் ஆனார். கொடுக்க ஒன்றும் இல்லாதவர் என்று ஊர் ஒதுக்கியவர்தான் அடுத்தவருக்குக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் காலத்தில் உணவும் மருந்தும் இல்லாமல் பலர் இறந்தனர். அந்தப் பசி சமயம் பார்த்து வரவில்லை. இங்கேதான் நல்ல சமாரியன் கதையை நினைக்க வேண்டும். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கொடுத்தவன், யூதர்கள் தங்களவர் என்று ஒப்புக்கொள்ளாத இனத்தான். 'நம்மவரை ஏற்றுக்கொள்' என்ற கட்டளை ஒரு தொடக்கம்தான். நம்மவருக்கு மட்டும் என்று அதைப் பூட்டிவிடக் கூடாது என்பதே கதையின் குத்தல். பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் ஒரே வேலிக்குள் நின்ற சுங்கை பூலோவில் அந்தப் பூட்டுக்கு இடமே இல்லை.

மருத்துவமும் மாறியது. முன்பு சால்மூக்ரா எண்ணெய்தான் சிகிச்சை. 1940களின் பிற்பகுதியில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முழுதாகக் குணமாகும். பெரும்பாலானோருக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தியும் உண்டு. கதவு திறந்தபோது பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. அதனால் அங்கேயே செடி வளர்த்து விற்று வாழ்ந்தார்கள். சுங்கை பூலோ பூச்செடிக் கடைகளுக்கு நாம் காரில் போய் வாங்கும் ரோஜாச் செடிகளுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இன்றைய காயு யார்?

இது பழங்கதை மட்டும் அல்ல. மியன்மாரின் சின் மக்களில் பெரும்பான்மையினர் கிறிஸ்துவர்கள். பல்லாயிரம் பேர் அகதிகளாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே அவர்களுக்கு முறையான வேலை உரிமை இல்லை. பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போக முடியாது. சில உள்ளூர்ச் சபைகள் வழிபாட்டுக்கும் வகுப்புக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. சின் மக்களுக்குள்ளேயே பல மொழிகள். அவர்களும் தங்களுக்குள் அந்நியர்களாகத் தொடங்கிச் சபைகளை அமைத்துக்கொண்டார்கள். காயுவும் தியோத்திரேப்பும் இன்றும் இருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியவில்லையா? மண்டபத்தின் சாவியைக் கொடுப்பவரும் உண்டு, "இவங்க நம்ம ஆளுங்க இல்லையே" என்பவரும் உண்டு.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

மாணவர்களே, ஆண்டுகளை மனத்தில் நிறுத்த ஒரு வழி. 1873ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் மூன்று நிகழ்வுகள். நார்வேயின் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அருட்தந்தை டேமியன் ஹவாய்த் தீவுகளில் மொலக்காய்க்குப் போய்த் தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களோடு வாழத் தொடங்கினார். 1889இல் அதே நோயால் இறந்தார். டிடாக்கேயின் கையெழுத்துப் பிரதியைக் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரயேனியோஸ் என்ற கிரேக்க அறிஞர் கண்டெடுத்தார், 1883இல் அச்சிட்டார். இதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணினால் 362, 1924, 1930, 1951, 1981 எல்லாம் தானாக இடத்தில் உட்காரும்.

ஆசிரியர்கள் வகுப்பில் கேட்கக்கூடிய மூன்று கேள்விகள்:

1. விருந்தோம்பல் வீட்டிலிருந்து நிறுவனத்துக்கு மாறியதால் கிடைத்தது என்ன, இழந்தது என்ன? சான்றுடன் விளக்குக.

2. பேரரசர் ஜூலியனின் கடிதம் ஏன் நம்பத்தக்க சான்று? எதிர்த்தரப்பின் ஒப்புதலை வரலாற்றாசிரியர் எவ்வாறு பயன்படுத்துவார்?

3. 'சுங்கை பூலோ ஒரு புகலிடமா, சிறையா?' இரு பக்கமும் எழுதி உன் முடிவைக் கூறுக.

மூன்றாவது கேள்விக்கு 'இரண்டும்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் மாணவருக்கு மதிப்பெண் குறையும். எந்த அளவில் புகலிடம், யாருக்குச் சிறை என்று பிரித்து எழுதப் பழக்குங்கள். எழுதும்போது 'குஷ்டரோகி' என்ற பழைய சொல்லைத் தவிர்த்து, 'தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்' என்று எழுதவும் சொல்லுங்கள். ஒரு மனிதரை நோயின் பெயரால் அழைப்பதே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்துவதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை உலகப் பாரம்பரியத் தகுதிக்கான முன்பட்டியலில் மலேசியா சேர்த்திருக்கிறது. பழைய குடியிருப்பாளர்களில் மிஞ்சியிருப்பவர் சிலரே; எல்லாரும் முதியவர்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் சிலர் நரைத்த வயதில் பெற்றோரைத் தேடி வருகிறார்கள். அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் யோசிக்கும்போது சுங்கை பூலோவையும் பட்டியலில் சேருங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டு, சிறு குழுவாகப் போங்கள். யாராவது பேச விரும்பினால் மாணவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். விரும்பாவிட்டால் புகைப்படம் எடுக்காமல், செடி ஒன்று வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்லித் திரும்பட்டும்.